நான் காலில் விழுந்த விதம்

அன்று தலைமையாசிரியையின் அறையில் இருந்தவர்கள்:

தலைமையாசிரியை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு ஆசிரியை. ஜன்னலோரம் நின்றார். கழுத்தில் விசில்.

என் வகுப்புப் பெண் ஒருத்தி. இடது கையில் மாவுக்கட்டு.

அவளுடைய அப்பா. தி.நகரில் நைட்டியும் ஜாக்கெட் துணியும் விற்கும் கடை வைத்திருப்பவர். திருநெல்வேலிப் பக்கம்.

அவளுடைய அம்மா. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

என் சின்னம்மா. என் அம்மாவின் தங்கை. சென்னையில் எனக்குப் பொறுப்பு அவர்தான்.

நான். கதவோரம் நின்றேன்.

முந்திய நாள் நான் அந்தப் பெண்ணின் இரண்டு விரல்களை முறித்துவிட்டேன். மோதிர விரலும் சுண்டு விரலும். என்னைப் பள்ளியில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள்.

அனுப்பினால் என்ன நடக்கும் என்பது எனக்கும் சின்னம்மாவுக்கும் மட்டும் தெரியும். என் விசாவில் காரணம் படிப்பு என்று இருந்தது. பள்ளி போனால் படிப்பு போகும். படிப்பு போனால் விசா போகும். பிறகு கொழும்பு விமானம். அங்கே இறங்கினால் என்னை விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள். விசாரித்தால் என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது.

எனக்குப் பதினைந்து வயதில் இயக்கம் என்னைப் பிடித்துக்கொண்டு போனது. வீட்டுக்கு ஒருவர் என்றார்கள். அண்ணன் ஏற்கெனவே போய்ச் செத்திருந்தான். அம்மா அதைச் சொன்னார். அது போன வருஷம் என்றார்கள். அன்றைக்கே என் முடியை வெட்டினார்கள். ஏழு மாதம் இருந்தேன். அந்த ஏழு மாதத்தை நான் எழுதப்போவதில்லை. கடைசியில் எல்லாம் உடைந்து சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது ராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னது. ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் தனியாக வந்து நில்லுங்கள் என்று. அம்மா என் தலையில் துவாயைப் போட்டு மூடினார். கையை இறுக்கிப் பிடித்தார். நான் போய் நிற்கவில்லை. நிற்காததுதான் குற்றம்.

பிறகு ஒரு வருடம் முகாமில், முள்கம்பிக்குள். பேன் பிடித்தது. அம்மா மறுபடியும் முடியை வெட்டினார். அந்தத் தலையோடுதான் சென்னைக்கு வந்தேன். அம்மாவை முகாமிலிருந்து விடவில்லை.

மந்தைவெளியில் மாடியில் ஒரு போர்ஷன். கீழே வீட்டுக்காரம்மா. முதல் நாள் என் தலையைப் பார்த்துவிட்டு, “திருப்பதியா, பழனியா?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. சின்னம்மா முந்திக்கொண்டு திருப்பதி என்றார்.

“பிரசாதம் எங்கம்மா?” என்றார் வீட்டுக்காரம்மா.

சின்னம்மா மறுநாள் தி.நகருக்குப் போய் எங்கேயோ லட்டு வாங்கிவந்து கொடுத்தார். வீட்டுக்காரம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். சென்னையில் ஒரு பெண்ணின் தலையில் முடி இல்லையென்றால் சாமிதான் எடுத்திருக்க வேண்டும். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. ஆனாலும் அந்த அம்மாளை எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். எனக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்குப் பதினைந்து. ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன் என்று பள்ளியில் சட்டம். எனக்குச் சடை போட முடி இல்லை. வளரும் வரை ஹேர்பேண்டு போட்டு வா என்றார்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்டார்கள். திருப்பதி, திருப்பதி என்று சொல்லிச் சொல்லி எனக்கே போய்வந்த மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் பெஞ்சில் என் பக்கத்தில் அந்தக் கடைக்காரர் மகள். வாய் ஓயாது. வீட்டில் அப்பாவோடு ஒரு தமிழ், வகுப்பில் இன்னொரு தமிழ்.

“இன்னாடி எப்பப் பாத்தாலும் மொறைச்சுக்கினே கீற? சிரிச்சா காசு கேப்பாங்களா?”

நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

“உங்க ஊர்ல குண்டு போட்டாங்களாமே. நேர்ல பாத்தியா?”

“ஓம்.”

“ஓமா? அய்யரா நீ?” என்று சொல்லி முன்பெஞ்சு வரைக்கும் சிரிக்க வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “சவுண்டு எப்டி இருக்கும்? படத்துல வர்ற மேரியே இருக்குமா?”

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் எங்களுக்காக அழுகிறவர்களும் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் குளத்தோரம் மேடை போட்டு ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகள், எங்கள் வீரப் பிள்ளைகள் என்றார். கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. நான் பஸ் பிடிக்க வேண்டும். “அண்ணை, கொஞ்சம் விடுங்கோ” என்றேன் ஒருவரிடம். “தலைவர் பேசறாரு இல்ல, நில்லு” என்றார். பஸ் போய்விட்டது.

விரல் முறிந்த நாளுக்கு வருகிறேன். அரைப் பரீட்சைக்கு முந்திய வாரம். மத்தியானம். குழாயடியில் சாப்பாட்டு டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சத்தம். பின்னால் ஆள் வந்தது கேட்கவில்லை. திடீரென்று இரண்டு கைகள் என் கண்களைப் பொத்தின.

“யாரு சொல்லு?”

இந்த ஊரில் பெண்கள் இப்படித்தான் விளையாடுவார்கள். தினமும் பார்த்திருக்கிறேன். என்னிடம் யாரும் விளையாடியதில்லை. அன்றுதான் முதல் தடவை.

எனக்கு அது யார் என்று தெரியும். குரல் தெரியும். கையில் பூசியிருந்த கிரீம் வாசனை தெரியும். தெரிந்து பிரயோசனமில்லை. அதற்குள் விரல்களைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அவள் சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தாள். என் முழங்கால் அவள் முதுகில் இருந்தது. டப்பா உருண்டுகொண்டிருந்தது.

“வெளாட்டுடீ,” என்றாள். “வெளாட்டுக்குடீ.”

நான் முழங்காலை எடுக்கவில்லை. விளையாட்டு ஆசிரியை ஓடிவந்து என்னை இழுத்து எடுத்தார்.

அன்று சாயங்காலம் சின்னம்மா என்னை அடிக்கவில்லை. சமையல்கட்டில் நின்றபடி சொன்னார்.

“நாளைக்கு அங்க நீ ஒண்டும் கதைக்கக் கூடாது. கேட்டால் தலையை ஆட்டு. அழச் சொன்னால் அழு. விளங்குதோ?”

“ஓம்.”

“நான் ஆறு வருசமாக் கனடாவுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறன். உன்னால பொலிஸ் இந்தப் படியேறினால் எனக்கும் எல்லாம் முடிஞ்சுது. உனக்கும் முடிஞ்சுது.”

சின்னம்மாவின் புருஷன் கனடாவில் இருந்தார். என்னைச் சின்னம்மா ஆசையாகக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் அந்த அறையில் கடைக்காரர்தான் முதலில் பேசினார்.

“என்ன டீச்சர், எம்பிள்ள கைய ஒடிச்சுப் போட்டிருக்கா. இடது கையாப் போச்சு. வலது கையா இருந்தா பரீட்ச என்ன ஆவும்? நீங்க அத யோசிச்சியளா?”

“யோசிக்காம இருப்பேனா சார்?” என்றார் தலைமையாசிரியை. “டி.சி. குடுத்து அனுப்பிடலாம்னுதான் நெனச்சிண்டிருக்கேன். உங்க முன்னாடி சொல்லணும்னுதான் வரச் சொன்னேன்.”

சின்னம்மா கையைக் கூப்பினார். “டீச்சர், தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் அங்க முகாமில. இந்த ஒரு பரீட்சை மட்டும் எழுத விடுங்கோ.”

“அதுக்குன்னு விரலை ஒடிப்பாளா?”

சின்னம்மா என்னைப் பார்த்தார். அழு என்று அர்த்தம். எனக்கு வரவில்லை.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாருங்க, கல்லு மாதிரி நிக்கா. ஒரு சொட்டுத் தண்ணி வருதா? ஒரு மன்னிப்பு உண்டா?” பிறகு நாற்காலியின் கையைத் தட்டினார். “எனக்கு டி.சி.யும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எம்பிள்ள கால்ல விழச் சொல்லுங்க. விழுந்தாச் சரி. விழலன்னா நீங்க சொன்ன மாதிரி அனுப்பிருங்க.”

அவர் மனைவி வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். “என்ன பேசுதிய? அவ இவள விட மூத்தவ. மூத்தவ எளையவ கால்ல விழுந்தா எம்பிள்ளைக்கு ஆவுமா? ஆயுசு கொறையும்.”

“வாஸ்தவம்,” என்றார் தலைமையாசிரியை. “அது கூடாது.”

“அப்ப எங்க ரெண்டு பேரு கால்ல விழட்டும்.”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கணவனும் மனைவியும் எழுந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கல்யாண வீட்டில் ஆசீர்வாதம் பண்ண நிற்கிற மாதிரி. சின்னம்மா என் முதுகில் விரலால் குத்தினார்.

விழுவதில் எனக்கு மானப் பிரச்சினை இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். யாருக்கும் பணியாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கடைசியில் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போனதைப் பார்த்தவள் நான். என் பிரச்சினை வேறு. எப்படி விழுவது என்று தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. இங்கே பெண்கள் முழங்கால் மடித்து, குனிந்து, நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். நெஞ்சும் வயிறும் நிலத்தில் படக்கூடாது. அப்படி நீட்டி விழுவது ஆண்கள் மட்டும்தான். இதெல்லாம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கீழே போ என்றால் என் உடம்புக்கு ஒரு வழிதான் தெரியும். இடது கை முன்னால் போனது. பிறகு முழங்கை. பிறகு வயிறு. கால்கள் இரண்டும் விரிந்தன. குதிகால்களின் உள்பக்கம் தரையில் ஒட்டியது. வலது முழங்கை விலகி நின்றது. தலை நிமிர்ந்திருந்தது. ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

எதிரே நான்கு கால்கள். அவருடைய பாதத்தில் வெடிப்பு. அந்த அம்மாளின் விரலில் மெட்டி. அதற்குப் பின்னால் மேசைக்கு அடியில் தலைமையாசிரியையின் செருப்பு. ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டேன். பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை.

மேலே மின்விசிறி கடகடத்தது.

அப்போது அந்தப் பெண் சொன்னாள். “இன்னாப்பா இவ? சுடுறதுக்குப் படுத்த மேரி படுத்துக்கினு கீறா!”

சின்னம்மாவின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. நான் அசையவில்லை. எழுந்தால் எழும் முறையும் காட்டிக்கொடுக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. கன்னத்தைத் தரையில் வைத்தேன். கைகளை நீட்டினேன்.

“ஏட்டி, சும்மா கெட,” என்றார் அவளுடைய அம்மா.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். “ஏம்மா, பொம்மனாட்டி இப்படி சாஷ்டாங்கமா விழப்படாதே. உங்க பக்கம் இதுதான் வழக்கமா?”

“ஓம் டீச்சர்,” என்றார் சின்னம்மா. குரல் நடுங்கவில்லை. “எங்கட பக்கம் பெரிய பிழை செய்தால் பொம்பிளையளும் இப்பிடித்தான் விழுறவை.”

அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கம் எங்கேயும் இல்லை.

கடைக்காரரின் குரல் மாறியிருந்தது. “நான் குனிஞ்சு காலத் தொட்டாப் போதும்னுதான் நெனச்சேன். இவ முழுசா விழுந்துட்டா டீச்சர். எங்க ஊர்ல ஆம்பளையே கோயில்ல மட்டுந்தான் இப்படி விழுவான்.” குனிந்து என் தலையைத் தொட்டார். வளர்ந்தும் வளராத முடியில் அவர் கை பட்டது. “எந்திரிம்மா. இதுக்கு மேல நான் ஒண்ணு கேட்டா எனக்குப் பாவம்.”

மெதுவாக எழுந்தேன். முதலில் உட்கார்ந்தேன். பிறகு நின்றேன்.

“சரி,” என்றார் தலைமையாசிரியை. “பப்ளிக் பரீட்சை முடியற வரைக்கும் இருக்கட்டும். இன்னொரு தரம் யார் மேலயாவது கை பட்டுதுன்னு காதுல விழுந்தா, அன்னிக்கே டி.சி. அதுக்குச் சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்கோ.”

சின்னம்மா எழுதிக் கொடுத்தார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

விளையாட்டு ஆசிரியை அந்த அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் மைதானத்தில் என்னை மட்டும் மேடைப் பக்கம் கூப்பிட்டார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். வாயில் எப்போதும் பாக்கு.

“எங்க கத்துக்கின?”

“எதை மிஸ்?”

“நடிக்காத. படுத்தியே, அத.”

“படத்தில பாத்தனான்.”

“படத்துல குதிகாலக் காட்ட மாட்டான். காலேஜ் என்.சி.சி.ல நாலு வருசம் ரைஃபிள் புடிச்சவ நான். எனக்கே குதிகால் ஒட்டாது. வாத்தியார் பூட்ஸால மிதிச்சு அமுக்குவான். உனக்கு யார் மிதிச்சா?”

நான் தரையைப் பார்த்தேன். ஓடினால் எந்தப் பக்கம் கதவு என்று பார்த்தேன். அவர் பாக்கைத் துப்பினார்.

“நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உம்மேல பாசம்னு நெனச்சுக்காத. ரெண்டு வருசத்துல ரிட்டையராவப் போறேன். சாட்சி சொல்றேன்னு ஸ்டேஷனுக்கு அலைய என்னால முடியாது. என் பீரியட்ல நீ கிரவுண்டுல கால வைக்கக் கூடாது. இங்கயே குந்திக்க. புரியுதா?”

“ஓம்.”

“ஓமாம். அதையும் விட்டுத் தொலை. ஆமான்னு சொல்லு.”

“ஆமா.”

“போ.”

அப்பா விட்டுவிட்டார். மகள் விடவில்லை. மாவுக்கட்டோடு வகுப்புக்கு வந்தாள். முன்பெஞ்சுக்கு மாறிப் போய்விட்டாள். எனக்குக் கமாண்டோ என்று பெயர் வைத்தாள். வகுப்பு முழுக்க அதுதான் என் பெயர். ஒரு தடவை தமிழ் ஆசிரியைகூட வாய்தவறி அப்படிக் கூப்பிட்டார். அந்தப் பெயர் தெருவுக்குப் போய், அங்கிருந்து எங்கே போகுமோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். சின்னம்மாவிடம் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு அவள் வேறு வேலை தொடங்கினாள். நான் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வந்து நிற்பாள். கூட இரண்டு பேர். என் கழுத்தில் ஊதுவாள்.

“யாரு சொல்லு, கமாண்டோ?”

நான் பெஞ்சைப் பிடித்துக்கொள்வேன்.

“கை வைடி பாக்கலாம். வைய்யி. டி.சி. ரெடியா கீது.”

ஒரு நாள் கண்ணைப் பொத்தினாள். அதே மாதிரி. விரல்கள் இரண்டும் நேராக இல்லை, என் இமையில் தெரிந்தது. என் கைகள் பெஞ்சுக்கு அடியில் இருந்தன. மரத்தில் இருந்த ஆணியை உள்ளங்கையில் அமுக்கிக்கொண்டேன். அவள் எடுக்கவில்லை. மணி அடிக்கும் வரை பொத்தியிருந்தாள். நான் பாடத்தில் மனப்பாடம் செய்ததை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி செய்யுள். பாதி வேதியியல்.

மணி அடித்ததும் கையை எடுத்தாள். “சீ, கல்லு,” என்றாள். அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று நான் விழுந்தது அவளுடைய அப்பா அம்மா காலில். மன்னிப்பு அவர்களுக்குப் போனது. அவளிடம் நான் கேட்கவில்லை. கேள் என்று யாரும் சொல்லவும் இல்லை. இப்போது நினைத்தால் அவள் பக்கம்தான் நியாயம். அப்போது அவளை வெறுத்தேன்.

அதன் பிறகு கடைசிப் பெஞ்சுக்குப் போனேன். முதுகுக்குச் சுவர். பக்கத்தில் யாரும் வரவில்லை. பரீட்சை வரை அங்கேதான். கணக்கு விளங்கவில்லை. இங்கிலீஷ் விளங்கவில்லை. பக்கம் பக்கமாக எழுத்தை அப்படியே மனதில் ஏற்றினேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

பங்குனி வெயிலில் பரீட்சை. ஐந்து பாடம். யார் மேலும் கை படவில்லை.

முடிவு வந்த மறுவாரம் சின்னம்மாவும் நானும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். விசா நீட்டிக்க. காலையிலேயே வரிசை. எங்கள் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மேசையில் இருந்த அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினார். என் பழைய படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் முடி இல்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. திருப்பதி என்று நினைத்திருப்பார்.

“படிப்புன்னு போட்டிருக்கு. என்ன படிக்கறே?”

“பத்தாவது எழுதினேன் சார். பதினொன்று சேர வேணும்.”

“பாஸா?”

“ஆமா.”

“எங்கே, காட்டு.”

மதிப்பெண் பட்டியலை நீட்டினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தமிழ் நாற்பத்தொன்று. ஆங்கிலம் முப்பத்தைந்து. கணக்கு முப்பத்தைந்து. அறிவியல் முப்பத்தைந்து. சமூக அறிவியல் முப்பத்தைந்து.

“யாரோ பாவம் பாத்துப் போட்டிருக்கான்,” என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். அவரும் சிரித்தார். சின்னம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டு என்னைக் கேட்டார்.

“மொத்தம்?”

நூற்று எண்பத்தொன்று.